நானாகக் கேட்ட கிராப்பு

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டு எங்கோ கிழக்கே இருந்தார். நான் இராஜபாளையத்தில் மாமியாரோடு இருந்துகொண்டு நூல் மில்லில் வேலை பார்த்தேன். முழங்காலைத் தொட்ட என் முடியைக் காதோரம் ஒட்ட வெட்டிக்கொண்டது அப்போதுதான். காய்ச்சல் வந்து முடி கொட்டவில்லை. நேர்ந்துகொண்டு எடுக்கவும் இல்லை. எங்கள் கிறிஸ்தவ சபையில் அந்த வழக்கம் கிடையாது. நானாகக் கடைக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, வெட்டுங்கள் என்று சொன்னேன். இப்படிச் சொன்னால் இன்றைக்கும் சிலர் நம்புவதில்லை. "சரி, நெசத்தைச் சொல்லு" என்று மறுபடியும் கேட்பார்கள்.

முடி மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாமியார் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பின்னலைத்தான் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு சனிக்கிழமை தோறும் அவரே சீயக்காய் தேய்த்து விடுவார். கிணற்றடியில் மற்றப் பெண்கள் பார்க்கும்படி என்னை வெயிலில் உட்கார வைத்து, சிக்கெடுத்து, உலர்த்துவார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். மகன் ஊரில் இல்லாத வீட்டில் அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் அது என்று நினைக்கிறேன்.

மில்லில் எனக்கு ரீலிங் பகுதியில் வேலை. நூற்று முடித்த நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் இடம் அது. கூரைக்குக் கீழே ஒரு நீண்ட இரும்புத் தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். மிஷினுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குத்தான் இடம். பெல்ட்டைச் சுற்றி மறைப்பு எதுவும் இல்லை. கம்பி வலை போட்டுத் தாருங்கள் என்று நாங்கள் மேஸ்திரியிடம் கேட்டிருந்தோம். "மேல சொல்லியிருக்கேன்" என்பார். அதோடு சரி.

எனக்குப் பக்கத்து மிஷினில் நின்றவள் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண். என்னைவிட வயதில் இளையவள், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. என்னை அக்கா என்பாள். வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் ஒன்றாகவே நடப்போம். ஒரு நாள் மதியச் சங்கு ஊதப்போகிற நேரம். கீழே விழுந்த நூல் பாபினை எடுக்க அவள் குனிந்தாள். நிமிரும்போது பின்னல் பெல்ட்டில் பட்டது. கத்துவதற்குக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. நான் ஓடிப்போய், பெல்ட்டைத் தள்ளிவிடுகிற மரக்கட்டையைத் தட்டி மிஷினை நிறுத்தினேன். அதற்குள் முடியோடு தலைத்தோலும் போய்விட்டது. என் முந்தியைச் சுருட்டி அவள் தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மில்லின் லாரியில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தாள்.

பெல்ட்டுக்கு வலை வரும் என்று எதிர்பார்த்தோம். வந்தது வேறு. இனிமேல் பெண்கள் ரீலிங்கில் நிற்க வேண்டாம், எல்லாரும் கழிவுப் பஞ்சு பொறுக்குகிற கொட்டகைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. அந்தக் கொட்டகை எங்களுக்குத் தெரியும். தூசி மூக்கை அடைக்கும். அங்கே பொறுக்குகிறவர்கள் கிழவிகள், சீக்காளிகள். கூலியும் அதற்குத் தகுந்ததுதான். கைவேலை தெரிந்த எங்களை அங்கே உட்கார வைத்துவிட்டு, எங்கள் மிஷின்களில் புதிதாக ஆண்களைப் பிடித்து நிறுத்தினார்கள். அவர்களுக்கு அறுந்த நூலை முடிச்சுப் போடத் தெரியவில்லை.

நான் போய் மேஸ்திரியிடம் கேட்டேன்.

"நாங்க என்ன தப்பு செஞ்சோம்? பெல்ட்டுக்கு வலை போட்டா முடிஞ்சது."

"வலை போடுததும் போடாததும் மானேஜர் பாடு. பொம்பளைக இம்புட்டு முடியை வளத்து வச்சிக்கிட்டு மிஷின்கிட்ட நின்னா இப்படித்தான் ஆகும்."

"அப்போ முடிதான் குத்தமா?"

"பின்னே? முடி இல்லாம வா, நாளைக்கே மிஷின் தாரேன்" என்றார். சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சுமங்கலி ஒருத்தி முடியை எடுக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அந்த தைரியத்தில் சொன்ன வார்த்தை அது.

நான் சிரிக்கவில்லை. "எல்லாரும் கேட்டுக்கிட்டீகளா?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினேன்.

வீட்டில் கத்தரிக்கோல் இருந்தது. நானே வெட்டியிருக்கலாம். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டினால் வெட்கப்பட்டுச் செய்த காரியமாகிவிடும். தலையும் எலி கொறித்த மாதிரி இருக்கும். பட்டப்பகலில், கடையில், ஆண்கள் வெட்டிக்கொள்கிற மாதிரி கிராப்பு வெட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். இராஜபாளையத்தில் யாரிடம் போனாலும் நான் வீடு திரும்புவதற்குள் மாமியார் காதுக்குப் போய்விடும். ஸ்ரீவில்லிபுத்தூர்தான் நான் பிறந்த ஊர். என் அய்யா அங்கே எங்கள் வேதக்கோயிலில் மணி அடிக்கிற, விளக்கேற்றுகிற வேலை பார்த்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அங்கே போவது எனக்கு வழக்கம். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அம்மாவிடம் "ஒரு வேலை இருக்கு, வந்திருதேன்" என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டுப் பக்கம் நடந்தேன்.

அங்கே ஒரு சலூன் இருந்தது. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் வந்துபோகிற கடை. பெரிய கண்ணாடி ஒன்று, மர நாற்காலி ஒன்று, சுவரோரம் ஒரு பெஞ்சு. ஒரு குமாஸ்தா முகமெல்லாம் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். பெஞ்சில் இரண்டு பேர். கடைக்காரருக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"பையனுக்கு வெட்டணுமா தாயி? கூட்டிட்டு வந்து உக்கார வையி. இவிய முடிஞ்சதும் வெட்டிருவோம்."

"பையனுக்கு இல்ல அண்ணாச்சி. எனக்குத்தான்."

தீட்டுகிற சத்தம் நின்றது. "என்னது?"

"கிராப்பு வெட்டணும்."

குமாஸ்தா நுரையோடு எழுந்து உட்கார்ந்தார். கடைக்காரர் என் பின்னலைப் பார்த்தார், பிறகு கழுத்தைப் பார்த்தார். தாலி இருந்தது.

"வெளையாடாத தாயி. போ. இது ஆம்பளைக கடை."

"கத்திரிக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா? நான் இருந்து வெட்டிக்கிட்டுத்தான் போவேன்." பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள்.

அவர் குமாஸ்தாவுக்குச் சவரத்தை முடித்தார். கை வழக்கத்தைவிட மெதுவாகப் போயிருக்க வேண்டும். குமாஸ்தா இரண்டு தடவை "என்னய்யா" என்றார். நான் எழுந்து போய்விடுவேன் என்று கடைக்காரர் எதிர்பார்த்திருக்கிறார். சவரம் முடிந்த பிறகும் குமாஸ்தா போகவில்லை. வேடிக்கை பார்க்க ஓரமாக நின்றுகொண்டார்.

"வீட்டுக்காரரு எங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பட்டாளத்துல."

"உசிரோட இருக்காருல்ல?"

"இருக்காரு. போன மாசம்கூட கடுதாசி வந்துச்சு."

"பொறவு ஏன் தாயி? அவரு அங்க குண்டுக்கு நடுவுல நிக்காரு. நீ இங்க வந்து இப்படிக் கேக்கியே. அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னையவும் சேத்துல்லா சொல்லும். அவருகிட்ட கேட்டியா?"

"அவரு பட்டாளத்துல சேந்த அன்னைக்குத் தலையை ஒட்ட வெட்டிக்கிட்டாரு. என்கிட்ட கேக்கல."

குமாஸ்தா சிரித்துவிட்டார். கடைக்காரர் சிரிக்கவில்லை. என் முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"தாயி, நான் சொல்லுததைக் கேளு. பொம்பளைக தலையில நான் கத்தி வச்சதே இல்லைன்னு நினைக்காத. எங்க கிராமத்துல எங்கப்பன் கூட்டிட்டுப் போவாரு. புருசன் செத்த வீடு. பின்கட்டுல உக்கார வச்சிருப்பாக. சில பிள்ளைகளுக்கு உன் வயசுகூட இருக்காது. என் கையைப் பிடிச்சுக்கிட்டு வேண்டாம் வேண்டாம்னு அழும். வீட்டு ஆளுக தலையை அமுக்கிப் பிடிப்பாக. அந்த வேலை ஆகாதுன்னுதான் ஊரை விட்டு வந்து, ஆம்பளைக்கு மட்டும்னு கடை போட்டேன். நீ வந்து கழுத்துல தாலியோட தலையைக் குடுக்க. எனக்குக் கை வராது."

அவர் சொன்னது என்னைத் தொட்டது. ஆனால் அதற்காக எழுந்து போக முடியுமா? மில்லில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளைப் பற்றிச் சொன்னேன், பஞ்சுக் கொட்டகையைப் பற்றிச் சொன்னேன், மேஸ்திரி சிரித்ததையும் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைகள்கிட்ட ஒருத்தரும் கேக்கல அண்ணாச்சி. அதான் அது பாவம். என்னைய இங்க யாரு அமுக்கிப் பிடிச்சிருக்கா? நானா வந்து கேக்கேன். வேண்டாம்ங்கிறவ தலையில வெட்டுததும், வெட்டுங்கிறவ தலையில வெட்ட மாட்டேங்கிறதும் ஒண்ணுதான். ரெண்டுலயும் அவ பேச்சுக்கு மதிப்பில்ல."

அவர் முக்காலியை விட்டு எழுந்தார். பிறகு நாற்காலியைத் துண்டால் தட்டினார். "உக்காரு" என்றார்.

வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள், சந்தைக்கு வந்தவர்கள். கடைக்காரர் கதவைச் சாத்தப் போனார். சாத்த வேண்டாம் என்றேன். "பாக்கட்டும். பாத்துட்டுப் போய்ச் சொல்லட்டும்."

பின்னலை அவிழ்த்தார். முடி நாற்காலியின் முதுகைத் தாண்டித் தரையில் விழுந்தது. அதைப் பார்த்து வாசலில் நின்ற ஒரு அம்மாள் "அய்யோ பாவி மகளே" என்றாள். அவர் கத்தரியை எடுத்து, நுனியில் இரண்டு விரற்கடை வெட்டிவிட்டு நிறுத்தினார்.

"போதுமா?"

"அண்ணாச்சி, நான் கிராப்பு கேட்டேன்."

இடுப்பு வரைக்கும் வெட்டினார். மறுபடியும் நிறுத்தினார். "இம்புட்டு இருந்தா கொண்டை போட்டுக்கிடலாம். மிஷின்ல சிக்காது."

"கொண்டை அவுறும். மேல வாங்க."

தோள் வரைக்கும் வந்தார். "இது போதும் தாயி. வெள்ளைக்காரத் துரைசானிக இப்படித்தான் வச்சிருக்காக. பாக்க லெட்சணமா இருக்கு."

"லெட்சணத்துக்கு வரல. காதுக்கு மேல. பின்னங்கழுத்து தெரியணும்."

அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். நான் அதை எடுத்து, இடது காதோரம் ஒரு கொத்தைப் பிடித்து, வேரோடு ஒட்டி நறுக்கினேன். கோணல்மாணலாக வெட்டுப்பட்டது. "இனி இதைச் சரி பண்ணித்தான் ஆகணும்" என்றேன். அவர் என் கையிலிருந்து கத்தரியைப் பிடுங்கினார். கோபமாகத்தான் பிடுங்கினார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. சீப்பும் கத்தரியும் காதைச் சுற்றி ஓடின. ஒரு வக்கீலுக்கு வெட்டுகிற அக்கறையோடு, இரண்டு பக்கமும் அளவு பார்த்து, பிடரியில் கத்தி வைத்து வழித்து முடித்தார்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். என் காதுகள் இவ்வளவு பெரியவை என்று அதுவரை எனக்குத் தெரியாது. என் அய்யாவின் முகம் அப்படியே எனக்கு இருந்தது. பயம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கழுத்துப் பக்கம் காற்று பட்டது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். பாரமே இல்லை.

தரையில் கிடந்த முடியை அவர் மிதிக்காமல் வாரி எடுத்து ஒரு துணியில் சுற்றினார். "குப்பையில போடுங்க" என்றேன். "அது மட்டும் என்னால முடியாது. சவுரி முடையறவ ஒருத்தி வருவா, அவகிட்ட குடுத்திருதேன்" என்றார். சரி என்றேன். எழுந்து முந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது.

வீட்டில் அம்மா என்னைப் பார்த்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அய்யா சாயங்கால ஆராதனைக்கு மணி அடிக்கப் புறப்படும்போது, "நீயும் வாரியா?" என்று மட்டும் கேட்டார். போனேன். கோயில் வாசலில், ஆராதனை நடத்துகிற உபதேசியார் என்னை நிறுத்தினார். இந்தக் கோலத்தில் முன்வரிசையில் உட்கார வேண்டாம், பின்னால் போய் உட்காரம்மா என்றார். "எப்பவும் உக்காருத இடத்துலதான் உக்காருவேன் அய்யா. ஆண்டவருக்கு என்னைய அடையாளம் தெரியணுமில்ல" என்றேன். உட்கார்ந்தேன். பாட்டுப் பாடும்போது என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சத்தமாகவே பாடினேன்.

மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் இராஜபாளையம் திரும்பினேன். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பு வைத்து ஓட்டுவார்கள், மேட்டில் ஏற மூச்சு வாங்கும். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பார்க்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தேன். அவர்கள்தான் முதலில் கண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

இதுவரை எல்லாம் எளிதாகத்தான் இருந்தது. மாமியார்தான் எனக்கு வாய்த்த சோதனை. அவர் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் என் தலையைப் பார்த்தவர், செம்பைக் கீழே போட்டார். மகன் செத்த செய்தி எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டார். நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தார். "எம்மவனை எங்க போட்டீக, எந்த மண்ணுல போட்டீக" என்று அவர் அழுததைக் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. நான் ஓடிப்போய் அவரைத் தூக்கினேன்.

"அத்தை, அவியளுக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்காக. மிஷினுக்காக நானா வெட்டிக்கிட்டேன்."

அவருக்கு அது புரிய வெகுநேரம் ஆனது. புரிந்ததும் என் கன்னத்தில் அறைந்தார். அந்த அடி எனக்கு நியாயமாகவே பட்டது. பெற்றவளுக்கு அந்தச் சில நிமிஷங்கள் எப்படி இருந்திருக்கும். ஆனால், "முடி வளருத வரைக்கும் இந்த வீட்டை விட்டு வெளிய போகக் கூடாது" என்று அவர் சொன்னபோது, "சங்கு ஊதப் போகுது அத்தை, நான் வேலைக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மில் கேட்டில் காவல்காரர் என்னை அடையாளம் தெரியாமல் நிறுத்தினார். குரலைக் கேட்டுத்தான் விட்டார். நேரே ரீலிங் பகுதிக்குப் போனேன். என் மிஷினில் நின்றிருந்த ஆளை "நகரு" என்றேன். அவன் நகர்ந்தான். மேஸ்திரி ஓடி வந்தார்.

"ஏட்டி, என்ன பண்ணிட்டு வந்திருக்க?"

"நீங்க சொன்னதைத்தான். முடி இல்லாம வா, மிஷின் தாரேன்னீக. வந்திருக்கேன்."

"நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்டி."

"நான் வெளையாட்டுக்கு வெட்டல."

அவர் முகம் வெளிறிவிட்டது. இந்தப் பழி தன் தலையில் விழும் என்று பயந்திருக்கிறார். கொட்டகையிலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து வாசலில் நின்றார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. வந்தவர்கள் திரும்பிப் போகவும் இல்லை. கடைசியில் மானேஜரே இறங்கி வந்தார். அவர் என் தலையை ஒரு தடவைதான் பார்த்தார், அப்புறம் என் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"என்னம்மா கலாட்டா இது? எல்லாம் உங்க பாதுகாப்புக்காகத்தானே செஞ்சிருக்கு."

"சரிங்க அய்யா. முடி சிக்குதுன்னீக, முடியை வெட்டிட்டு வந்திட்டேன். நாளைக்குச் சேலை முந்தி சிக்கும். சேலையை அவுத்து வச்சிட்டு வரட்டுமா? அதுக்கடுத்து கை சிக்கும். கையை வெட்டிட்டு வரட்டுமா? எங்க உடம்புல ஒவ்வொண்ணா வெட்டிக்கிட்டே வந்தா கடைசியில பெல்ட்டுக்குப் பாதுகாப்புதான். எங்களுக்கு இல்ல. ஒரு வலை போடுங்க."

அப்படிப் பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை. தலை லேசாக இருந்ததோ என்னவோ, வார்த்தை தடையில்லாமல் வந்தது. மானேஜர் "வேலையைப் பாருங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் என் மிஷினில் அறுந்துகிடந்த நூல்களை முடிய ஆரம்பித்தேன்.

என்னால்தான் வலை வந்தது என்று சொல்ல மாட்டேன். யுத்தத்துக்கு நூல் மலைபோலத் தேவைப்பட்டது. புதிய ஆட்கள் வீணாக்கிய நூல் கொஞ்சநஞ்சமல்ல. ஆண்களில் பாதிப்பேர் பட்டாளத்துக்கு வேறு போய்க்கொண்டிருந்தார்கள். எங்களை விட்டால் மில்லுக்கு ஆளில்லை. எப்படியோ, அடுத்த மாதம் தச்சரும் கொல்லரும் வந்து எல்லாப் பெல்ட்டுக்கும் கம்பி வலை அடித்தார்கள். பெண்கள் ரீலிங்குக்குத் திரும்பினார்கள். அவர்கள் பின்னலோடு வந்தார்கள். எனக்குக் கிராப்புக்காரி என்று பெயர் வைத்ததும் அவர்களில் சிலர்தான். வைக்கட்டும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தவளைப் பார்க்கப் போனது அதற்கு நடுவில். தலையைச் சுற்றிப் பெரிய கட்டு. என் தலையைப் பார்த்து, "ஏமிக்கா இது?" என்று தெலுங்கில் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நீ வளத்துக்கிடலாம் அக்கா. டாக்டரு சொல்லிட்டாரு, எனக்கு வளராது. எனக்காக நீ ஒண்ணும் இப்படி நிக்க வேண்டாம்."

"உனக்காக வெட்டல. எனக்கு அந்த மிஷின் வேணும், அதுக்கு வெட்டுனேன்."

பிறகு திரும்பி, கையை நீட்டி என் பிடரியைத் தடவிப் பார்த்தாள். "குத்துது" என்றாள். கொஞ்சம் சிரித்தாள். கட்டு இறுகி வலித்ததால் உடனே நிறுத்திக்கொண்டாள். குணமாகி வந்த பிறகு தலையில் துணி கட்டிக்கொண்டு என் பக்கத்து மிஷினிலேயே நின்றாள். வலைக்கு ஒரு முழம் தள்ளியே நிற்பாள். அந்தப் பழக்கம் கடைசி வரை அவளுக்குப் போகவில்லை.

மாமியார் பல வாரம் என்னோடு பேசவில்லை. தட்டில் சோற்றை வைத்து என் பக்கம் தள்ளிவிடுவார். நான் சாப்பிடுவேன். வீட்டுக்காரரிடமிருந்து ஒவ்வொரு கடிதமும் வந்த பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் இளகும். என் முடி அவர் மகனை ஒன்றும் செய்யவில்லை என்று அவருக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தெரிய வேண்டியிருந்தது. முடி வளர வளர நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வெட்டிக்கொண்டேன். வலை வந்த பிறகும் ஏன் வெட்டுகிறாய் என்று கேட்டார்கள். பிடித்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கு மேல் காரணம் சொல்ல நான் யாருக்கும் கடமைப்படவில்லை.

யுத்தம் முடிந்து வீட்டுக்காரர் வந்தார். ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றபோது நான் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். டிரங்குப் பெட்டியோடு இறங்கியவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார். நான் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், அதனால் இருமினேன். திரும்பினார்.

"நீயா?"

"நாந்தான்."

மெலிந்து கறுத்துப் போயிருந்தார். என் தலையையே பார்த்தார். அவருடைய அம்மா யாரிடமோ சொல்லிக் கடிதம் எழுதியிருந்ததால் விஷயம் தெரியும். இருந்தாலும் நேரில் பார்ப்பது வேறு.

"அம்மா எழுதியிருந்தா. நான் வாரதுக்குள்ள வளத்துருவேன்னு நினைச்சேன்."

"வளக்கல."

"இனி வளத்துரு. நான் வந்துட்டேன்ல. ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொல்ல வேண்டியதெல்லாம் எப்பமோ சொல்லி முடிச்சிட்டுது. நீங்கதான் தாமசமா வந்திருக்கீக."

அவருக்குக் கோபம் வந்தது. பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஸ்டேஷனுக்கு வெளியே குதிரை வண்டிகள் நின்றன. அவர் அவற்றைக் கூப்பிடவில்லை. எனக்கும் நடக்கத்தான் பிடித்தது. கடைத்தெரு வழியாகப் போனோம். தெரிந்தவர்கள் அவரை விசாரித்தார்கள், விசாரித்துவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஆண்கள் நாலடி முன்னால் போவார்கள், பெண்கள் பின்னால் போவார்கள். கல்யாணமான புதிதில் நாங்களும் அப்படித்தான் போனோம். அன்றைக்கு அவர் என் பக்கத்தில் நடந்தார். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னாலும் போகவில்லை.